வாடை எந்தப் பக்கம் அடிக்குது: ஃபுகுஷிமாவில் சொன்னதும் சொல்லாததும்

2023 ஆகஸ்ட் 24. 2011இல் விபத்து நடந்த ஃபுகுஷிமா அணு உலை வளாகத்தில், உருகிய உலைகளைக் குளிர்வித்த பிறகு சுத்திகரித்துத் தொட்டி தொட்டியாகத் தேக்கி வைத்திருந்த தண்ணீரை ஜப்பான் கடலில் விட ஆரம்பித்த நாள். அன்றைக்குச் சாயந்திரம் நான் தண்டையார்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன், டிவியில் அந்தச் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக மீன் விற்கிறவர். காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“இன்னாடா சொல்றான்? அது நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?”

“சுத்தம் பண்ண தண்ணிதான், ஒண்ணும் ஆவாதுன்றாங்க அத்த.”

“யாரு?”

“உலை வச்சிருக்கிற கம்பெனி. அந்த ஊரு கவர்மெண்டு. ஐ.நா. பக்கத்துலேர்ந்தும் ஆளுங்க வந்து பாத்து சரின்னுட்டாங்க.”

“மீன் புடிக்கிறவன் இன்னா சொல்றான்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்த விபத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விபத்து நடந்த பிறகு அதிகாரத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், ஜனங்கள் ஏன் நம்பவில்லை, எங்கே கொஞ்சம் நம்பிக்கை திரும்பியது, இதைத்தான் எழுதுகிறேன். வடசென்னைக்காரனுக்கு இது ஜப்பான் கதையாகத் தோன்றாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நடந்தது

2011 மார்ச் 11, அவர்கள் நேரப்படி மதியம் 2.46க்கு 9.0 அளவில் நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி அணு மின் நிலையத்தில் இருந்த 6 உலைகளில் அப்போது ஓடிக்கொண்டிருந்தவை 3, மூன்றும் தானாகவே நின்றுவிட்டன. ஆனால் அணு உலையை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் எரிபொருள் சூட்டைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் 14, 15 மீட்டர் உயரத்துக்கு சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அப்புறம் 1, 2, 3 மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. 12ஆம் தேதி முதல் உலைக் கட்டடத்திலும் 14ஆம் தேதி மூன்றாவதிலும் ஹைட்ரஜன் வெடித்தது, 15ஆம் தேதி காலையில் நான்காவது கட்டடமும் வெடித்தது. காலி செய்யச் சொன்ன வட்டம் ஒரே நாளில் 3 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் என்று விரிந்துகொண்டே போனது. கடைசியில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

பின்னால் ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு மக்களிடம் நேராகக் கேட்டது. 3 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும் என்று ராத்திரி 9.23க்கு உத்தரவு போனபோது, அணு உலை இருந்த ஊரிலேயே சுமார் 20 சதவீதம் பேருக்குத்தான் விபத்து நடந்திருப்பது தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஏறினார்கள், ரெண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று பர்ஸும் போனும் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். வட்டம் விரிய விரிய அங்கிருந்தும் கிளம்பு என்றார்கள், நாலு தடவை ஐந்து தடவை இடம் மாறினவர்கள் உண்டு.

“உடனடியாக”

அந்த நாட்களில் டிவியில் தினமும் வந்து பேசியவர் அமைச்சரவையின் தலைமைச் செயலர் யூகியோ எடானோ. தூக்கமில்லாமல், நீல நிறத் தொழிலாளர் சட்டையில், நிதானமாகத்தான் பேசினார். அவர் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் ஜப்பானியர்களுக்கு மறக்கவில்லை: உடல்நலத்துக்கு உடனடியாகப் பாதிப்பு இல்லை.

இது பொய் கிடையாது. அந்த அளவுக் கதிர்வீச்சு பட்டால் நாளைக் காலையில் யாரும் வாந்தி எடுத்துக் கீழே விழப்போவதில்லை. ஆனால் கையில் ஆறு மாதக் குழந்தையை வைத்திருக்கிற ஒருத்தி இதைக் கேட்டால் அவள் காதில் விழுவது “உடனடியாக” என்ற ஒரே சொல்தான். அப்போ அப்புறம்? பத்து வருடம் கழித்து? அதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை, பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. தைரியம் சொல்ல வந்த சொல் சந்தேகத்தைத்தான் கொடுத்துவிட்டுப் போனது.

சொல் விஷயத்தில் இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. 12ஆம் தேதியே அணுப் பாதுகாப்பு முகமையின் அதிகாரி ஒருவர் செய்தியாளர்களிடம் எரிபொருள் உருக ஆரம்பித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவரை அந்த மேடையில் காணோம், ஆள் மாறிவிட்டது. உலையை நடத்திய டெப்கோ நிறுவனம் “உருகியது” என்ற சொல்லைத் தொடாமல் “எரிபொருள் சேதம்” என்றே இரண்டு மாதம் ஓட்டியது, உருகித்தான் போனது என்று ஒப்புக்கொண்டது மே மாதம். 2016இல் ஒரு விசாரணைக் குழு, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று அப்போதைய தலைவரே ஆட்களுக்குச் சொல்லியனுப்பியிருந்ததைக் கண்டுபிடித்தது. நிறுவனம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. விபத்து நடந்து ஐந்து வருடம் கழித்து.

விபத்தின் தீவிரத்தைச் சொல்லும் சர்வதேச அளவுகோல் 7 வரைக்கும் போகும். முதலில் 4 என்றார்கள், மார்ச் 18இல் 5 என்றார்கள், ஏப்ரல் 12இல் 7. செர்னோபிலுக்குக் கொடுத்த அதே 7. தகவல் சேரச் சேர எண் மாறுவது சகஜம்தான், அதில் தப்பில்லை. ஆனால் மாறக்கூடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் மாறியபோது ஜனங்கள் ஏமாந்ததாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. பிலிப்பைன்ஸில் ஒரு குறுஞ்செய்தி, பிபிசி பெயரைப் போட்டு, கதிர்வீச்சு வருகிறது, மழையில் நனையாதீர்கள், கழுத்தில் பெட்டாடின் தடவுங்கள் என்று ஊர் முழுக்கச் சுற்றியது. அதே மாதிரி ஒன்று என் பழைய நோக்கியாவுக்கும் வந்து நான் நாலு பேருக்கு அனுப்பினேன். சீனாவில் கடைகளில் உப்பு பாக்கெட் காலியானது, அயோடின் கலந்த உப்பு காப்பாற்றும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் படிக்காத ஜனங்களின் முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவன் சொல்லாத இடத்தில் தெரியாதவன் சொல்வான், பயந்தவன் கேட்பான், அவ்வளவுதான்.

நமியே ஊர் ஓடிய திசை

இந்த விபத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி இது.

ஸ்பீடி என்று ஒரு கணினி ஏற்பாடு ஜப்பான் அரசிடம் இருந்தது. அணு உலையிலிருந்து கசிவு ஏற்பட்டால் காற்றையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் வைத்து அது எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. விபத்து நடந்த நாளிலிருந்தே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்ற அளவு கிடைக்கவில்லை, அதனால் இந்தக் கணக்கு முழுமையானது இல்லை, வெளியிட்டால் குழப்பம்தான் வரும் என்று வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு 14ஆம் தேதி கொடுத்தார்கள். சொந்த ஜனங்கள் முதல் தடவையாக அதைப் பார்த்தது 23ஆம் தேதி.

அணு உலைக்கு வடக்கே நமியே என்று ஒரு ஊர். 12ஆம் தேதி காலையில் 10 கிலோமீட்டர் வட்டத்தைக் காலி செய்யச் சொன்னது அந்த ஊர் நிர்வாகத்துக்கு டிவியைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பேர் மலைப் பக்கமாக வடமேற்கே, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்த ட்ஸுஷிமா என்ற பகுதிக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் தங்கினார்கள். தூரமாக வந்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். காற்று வடமேற்கே திரும்பி, 15ஆம் தேதி மழையும் பனியும் சேர்ந்துகொண்டு, கதிரியக்கத் துகள்களை அதிகமாகக் கொண்டுபோய் இறக்கியது அதே திசையில்தான். ஓடிப்போய் நின்ற இடமே கெட்ட இடமாகிவிட்டது. 15ஆம் தேதி அங்கிருந்தும் கிளம்பினார்கள். பிற்பாடு விஷயம் தெரிந்தபோது அந்த ஊர் மேயர் தமோட்ஸு பாபா, தகவலை மறைத்ததைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். அதே திசையில் இன்னும் தள்ளி இருந்த ஈடாடே கிராமத்தைக் காலி செய்யச் சொல்லி முடிவெடுத்தது ஏப்ரல் 22. அதுவரைக்கும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்ததுதான் காரணம். காற்று வட்டம் போட்டா அடிக்கும்?

எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாதித் தகவல் போதும், நமியே ஜனங்கள் வேறு பக்கம் போயிருப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எர்ணாவூர் பக்கம் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்த ஒரு மார்கழி ராத்திரி ஞாபகம் வந்தது. பதினோரு மணி இருக்கும். முதலில் கண் எரிந்தது, அப்புறம் தொண்டையில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி. வெளியே வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது, குழந்தைகள் இருமுகின்றன, ஒரு ஆயா முந்தானையை நனைத்துப் பேரன் மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வடக்கே இருக்கும் தொழிற்சாலைகளில் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எது, என்ன வாயு, எவ்வளவு, ஒன்றும் தெரியாது. ஜனம் மெயின் ரோட்டுக்கு வந்து தெற்கே, திருவொற்றியூர் பக்கமாக ஓட ஆரம்பித்தது, பைக்கில் மூன்று பேர் நாலு பேர், ஆட்டோவில் பத்துப் பேர்.

பெரியப்பா ரோட்டு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினார், “வாடை அடிக்குது, தெக்கால ஓடாதீங்க, வாடை அடிக்குது!” யாரும் நிற்கவில்லை. நாற்றம் அடிக்கிறது என்று சொல்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள், அது எங்களுக்கே தெரியுமே என்று ஓடினார்கள். அவர் சொன்னது வாடைக் காற்று. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், காற்று வடக்கிலிருந்து வருகிறது, நீங்கள் தெற்கே ஓடினால் அதுவும் கூடவே வரும், மேற்கே ரயில்வே லைன் பக்கம் குறுக்காகப் போங்கள் என்று சொல்ல வந்தார். எங்கள் வீட்டு ஆட்களையும் பக்கத்து நாலு வீட்டையும் அவர் அப்படித்தான் கூட்டிப் போனார். பத்து நிமிட நடையில் மூச்சு நன்றாக வந்தது. நேராகத் தெற்கே போனவர்கள் வெகு தூரம் அதே எரிச்சலோடு போனதாக மறுநாள் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஜீப்பில் மைக் வைத்து ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்: பயப்பட வேண்டாம், நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது.

அந்த ராத்திரி காற்று எந்தப் பக்கம் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். கசிந்தது என்ன என்று தொழிற்சாலைக்குத் தெரியும். இரண்டு தகவலும் ஒரு இடத்தில் சேரவே இல்லை. ஜனங்களிடம் சொன்னால் பீதி வரும் என்கிறார்கள். சொல்லாததால் வந்தது என்ன, திருவிழாக் கொண்டாட்டமா?

தண்ணீர், பள்ளிக்கூடம், அரிசி

எல்லாவற்றையும் தப்பாகச் செய்தார்கள் என்று எழுதினால் நியாயமாகாது. மார்ச் 23ஆம் தேதி டோக்கியோ குடிநீரில், கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்தில், லிட்டருக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பெரியவர்களுக்கு வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. உடனே சொல்லிவிட்டார்கள்: இந்த எண், இந்த நிலையம், இந்தப் பகுதிகள், குழந்தைகளுக்குப் பால் பவுடர் கலக்க வேண்டாம், மற்றவர்கள் குடிக்கலாம். சில மணி நேரத்தில் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது உண்மைதான். மாநகர நிர்வாகம் மறுநாளே கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கென்று 2,40,000 பாட்டில்களைக் கொடுக்க ஆரம்பித்தது, அன்றைக்கே அளவு 79க்கு இறங்கியது, அதையும் சொன்னார்கள். எண்ணோடு, இடத்தோடு, யாருக்கு என்பதோடு சொன்ன தகவல். கேன் தண்ணீருக்கும் மெட்ரோ வாட்டர் லாரிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு அந்தக் கடைக் கூட்டத்தைப் பார்த்து ஆச்சரியம் வராது. தாய் ஒருத்தி குழந்தைக்குத் தண்ணீர் தேடுவதைப் பீதி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏப்ரல் 19ஆம் தேதி பள்ளிக்கூடங்களுக்கு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகலாம் என்று வரம்பு வைத்தார்கள். சாதாரண காலத்தில் பொதுமக்களுக்கு வைத்திருந்த வரம்பு 1. அவசர காலத்துக்கு வேறு அளவுகோல் என்பதற்கு அறிவியல் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் பெரியவர்களுக்கும் விளையாட்டு மைதானத்து மண்ணில் புரளும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே எண்ணா? அரசுக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் தோஷிசோ கொசாகோவே இதை ஏற்க முடியாது என்று பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதுகொண்டே பதவி விலகினார். பெற்றோர் டோக்கியோவுக்குக் கிளம்பிப் போய் அமைச்சக வாசலில் நின்றார்கள். மே கடைசியில் பள்ளி நேரத்தில் 1 மில்லிசீவர்ட்டுக்குள் கொண்டுவருவதே இலக்கு என்று இறங்கி வந்தார்கள்.

அரிசிக் கதை இன்னும் மோசம். 2011 அக்டோபரில் மாதிரிப் பரிசோதனை முடிந்து ஃபுகுஷிமா அரிசி பாதுகாப்பானது என்று ஆளுநரே அறிவித்தார். அடுத்த மாதமே ஒனாமி என்ற பகுதியில் ஒரு விவசாயியின் அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரல் கதிரியக்க சீசியம், அப்போதைய வரம்பு 500. அறிவிப்பை நம்பி வாங்கியவர்கள், அறிவிப்பை நம்பி விற்ற விவசாயிகள், இரண்டு பேரும் ஒரே நாளில் ஏமாந்தார்கள். 2012 அறுவடையிலிருந்து முடிவை மாற்றி, ஒவ்வொரு மூட்டையையும் இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள், வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை. வரம்பும் 100ஆகக் குறைந்துவிட்டது. முதல் வருடம் வரம்பைத் தாண்டியவை 71 மூட்டை, அந்த 71ஐ மறைக்காமல் வெளியிட்டார்கள். 2015 அறுவடையிலிருந்து ஒன்று கூடத் தாண்டவில்லை. என் கணக்கில், ஆளுநரின் வார்த்தை செய்யாததை அந்த 71 செய்தது.

சாப்பிட்டுக் காட்டுவது

எடானோ ஏப்ரலில் சந்தைக்குப் போய் ஃபுகுஷிமா தக்காளியைக் கேமரா முன் கடித்தார். அக்டோபரில் யாசுஹிரோ சொனோடா என்ற அரசுப் பிரதிநிதி, அணு உலை வளாகத்தில் சுத்திகரித்த தண்ணீரை ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துக் காட்டினார், கை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. 2023இல் கடலில் தண்ணீர் விட ஆரம்பித்த ஒரு வாரத்துக்குள் பிரதமர் கிஷிதா ஃபுகுஷிமா மீனை உண்டு காட்டினார்.

அவர்கள் மனசார நம்பித்தான் சாப்பிட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வாங்குகிறவருக்கு என்ன தெரிந்தது? காசிமேட்டில் எந்த மீன்காரரும் தன் மீனைத் தின்று காட்டி விற்பதில்லை. அத்தை கூடையில் சங்கராவைப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது வாங்க வருகிற அம்மா நேராகக் கையை விட்டு ஒன்றை எடுப்பார், கட்டை விரலால் செவுளைத் தூக்குவார், ரத்தச் சிவப்பா, பழுப்பு தட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், வேண்டாம் என்று போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். அத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். செவுளைத் தொடாதே, நான் சொல்கிறேன் நம்பு என்று சொன்னால் அடுத்த நிமிடம் அந்த அம்மா பக்கத்துக் கூடைக்குப் போய்விடுவார் என்று அத்தைக்குத் தெரியும். கதிர்வீச்சில் இருக்கிற கஷ்டமே அதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்கால் முகர முடியாது என்பதுதான். அப்படியானால் தூக்கிப் பார்க்கிற செவுளை யாராவது செய்துகொடுக்க வேண்டும்.

ஃபுகுஷிமாவில் அதைச் செய்தது பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். விபத்து நடந்த சில நாட்களிலேயே சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வலர் குழு உருவாகி, கையில் செய்த அளவுமானிகளைக் காரில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டி, எல்லா எண்ணையும் அப்படியே பொதுவில் வைத்தது. இவாகி நகரத்தில் தாய்மார்கள் சேர்ந்து 2011 நவம்பரில் தராச்சினே என்ற அளவீட்டுக் கூடத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக் கீரையோ, பிள்ளை விளையாடும் இடத்து மண்ணோ, கொண்டு வந்து கொடுத்தால் அளந்து சொல்வார்கள். அதே இவாகியில் இன்னும் சிலர் 2013 வாக்கில் படகு எடுத்துக்கொண்டு அணு உலைக்கு முன்னால் இருக்கும் கடலுக்கே போய்த் தூண்டில் போட்டு, பிடித்த மீனை எல்லோர் கண் முன்னாலும் அளந்து காட்டினார்கள். எந்த மீனில் இல்லை, தரையோடு படுத்திருக்கும் எந்த மீனில், எந்த வயது மீனில் மிச்சம் இருக்கிறது என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியானது. பயம் கூடிய சிலரும் இருந்தார்கள், குறைந்த சிலரும் இருந்தார்கள், ஆனால் இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசினார்கள்.

மீன் பிடிக்கிறவர் என்ன சொன்னார்

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். விபத்துக்குப் பிறகு ஃபுகுஷிமா கடலோர மீன்பிடி நின்றுபோனது. 2012 ஜூனில் சோமா பகுதியில் பரிசோதனை மீன்பிடி என்று பெயர் வைத்து, ஆக்டோபஸும் சங்கு வகையும் மட்டும் பிடித்து, அளந்து விற்க ஆரம்பித்தார்கள். பிறகு பட்டியலில் ஒவ்வொரு வகையாகச் சேர்த்தார்கள். அரசு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் என்றால் மீனவர் கூட்டுறவு தனக்குத் தானே வைத்துக்கொண்ட வரம்பு 50. வாங்குகிறவர் மனசைத் தெரிந்தவர்கள் வைத்த எண் அது. பரிசோதனைக் காலம் முடிந்தது 2021 மார்ச்சில்.

இந்தப் பக்கம் மீனவர்கள் ஒவ்வொரு மீனாக நம்பிக்கையைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் என்ன நடந்தது பாருங்கள். அசுத்தமான நிலத்தடி நீர் கடலில் கலக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம் 2013 ஜூலை 22ஆம் தேதி கலக்கிறது என்று ஒப்புக்கொண்டது. முந்தின நாள்தான் தேர்தல் முடிந்திருந்தது. 2015இல் சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் தொட்டித் தண்ணீரை எந்த வகையிலும் வெளியேற்ற மாட்டோம் என்று மீனவர்களுக்கு அரசும் நிறுவனமும் எழுத்தில் வாக்குக் கொடுத்தார்கள். தொட்டியில் மிச்சம் இருப்பது, சுத்திகரித்தாலும் பிரிக்க முடியாத டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மட்டும்தான் என்று சொல்லிவந்தார்கள். 2018இல் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரில் ஸ்ட்ரான்ஷியம் போன்ற மற்றவையும் வரம்பைத் தாண்டி இருந்தன, மறுபடி சுத்திகரிக்க வேண்டும். அப்புறம் 2023இல், மீனவர் சங்கங்கள் எதிர்ப்பை விலக்கிக்கொள்ளாமலே தண்ணீர் போனது.

அப்போது தேங்கியிருந்தது 13 லட்சம் டன்னுக்கு மேல். லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குள் டிரிட்டியம் இருக்கும்படி கடல்நீர் கலந்து விடுகிறார்கள், உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ அணு உலைகள் டிரிட்டியத்தைக் கடலில் விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. படித்த வரைக்கும் அந்த அளவு ஆபத்தானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சீனா ஜப்பான் மீன் முழுவதையும் நிறுத்தியது, தென் கொரியாவில் ஜனங்கள் உப்பு வாங்கிச் சேர்த்தார்கள், நஷ்டம் மீனவர் தலையில்தான் வந்து நின்றது. வதந்தியால் வரும் நஷ்டம் என்பதற்கு அங்கே ‘ஃபூஹியோ ஹிகாய்’ என்று தனிச் சொல்லே உண்டு, அரசாங்கம் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு வருத்தம் உண்டு. நஷ்டத்துக்குக் காரணம் வாங்காதவரின் பயம் என்று ஆகிவிடுகிறது, அந்தப் பயத்தை வளர்த்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். “எழுதிக் குட்த்தத மீறிட்டான், அவ்ளோதானே? அப்ப தண்ணி நல்ல தண்ணியாவே இருந்தாலும் எவன் நம்புவான்?” என்றார்.

இன்னொரு பக்கமும் உண்டு

கதிர்வீச்சை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு, ஃபுகுஷிமா ஜனங்களின் உடலில் கதிர்வீச்சால்தான் வந்தது என்று நேராகச் சொல்லக்கூடிய கேடு எதுவும் பதிவாகவில்லை என்று 2021இல் சொன்னது. விபத்தின்போது 18 வயதுக்குள் இருந்த சுமார் 3,80,000 பேரைத் தைராய்டு பரிசோதனைக்கு அழைத்தார்கள், 300 பேருக்கு மேல் புற்றுநோயோ அதன் சந்தேகமோ கண்டார்கள். எல்லோரையும் தேடித் தேடிச் சோதித்ததால்தான் இவ்வளவு தெரிகிறது என்பது பெரும்பாலான நிபுணர்கள் கருத்து, அதை ஏற்காத நோயாளிகள் சிலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவசர அவசரமாக இடம் மாற்றியதிலும் முகாம் வாழ்க்கையிலும் மன உளைச்சலிலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் 2,300 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. ஃபுடாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்காகச் சுற்றியதில் பல பேர் இறந்துபோனார்கள். யோகோஹாமாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஃபுகுஷிமாவிலிருந்து வந்த பையனை ‘கிருமி’ என்று கூப்பிட்டுக் காசு பிடுங்கியிருக்கிறார்கள். பயமும் கொல்லும், பயம் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தீண்டத்தகாதவனாக்கும். அதனால்தான் தகவலை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

இங்கே

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் கசிவு இல்லை என்றார்கள், அப்புறம் கொஞ்சம் என்றார்கள், கரையில் ஆர்.கே. நகர் குப்பத்துப் பாறைகளுக்கு நடுவில் தார் மாதிரி கெட்டியாக நின்ற எண்ணெயை ஆட்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளும் படம் உலகம் முழுக்கப் போன பிறகு அளவு ஏறிக்கொண்டே போனது. அந்த மாதம் முழுக்க அத்தைக்கு வியாபாரம் இல்லை. ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரத்தைக்கூட எண்ணெய் மீன் என்று தள்ளிவிட்டுப் போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்தபோதும் இதே கதைதான்.

கல்பாக்கம் சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். 2004 சுனாமியில் அங்கே பம்பு அறையில் கடல் நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும், ஊழியர் குடியிருப்பில் பலர் இறந்த அதே நாளில் உள்ளே இருந்தவர்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் 2003 ஜனவரியில் அங்கே பயன்படுத்திய அணு எரிபொருளை மறுபடி பிரித்தெடுக்கும் ஆலையில் 6 பணியாளர்கள் அளவுக்கு மேல் கதிர்வீச்சு வாங்கியது பொதுமக்களுக்குத் தெரியவந்தது சில மாதங்கள் கழித்துத்தான். முதலாவதை முழுசாக நம்ப முடியாமல் செய்வது இந்த இரண்டாவதுதான்.

போன மாதம் எங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தேன். ஆலைகளில் கசிவு என்றால் கட்டுப்பாட்டில் உள்ளது என்று மட்டும் சொல்லாமல் எந்த வாயு, எந்தத் திசை, எந்தத் தெரு மட்டும், எப்போது அடுத்த தகவல் வரும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஆலைக்குள்ளே மட்டும் பறக்கிறது, அதை ராத்திரியில் விளக்குப் போட்டுக் குப்பத்துக்குத் தெரிகிற உயரத்தில் வெளியேயும் கட்ட வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பெரியப்பாவையும் கூட்டிப் போகிறேன். எந்த உயரத்தில் கட்டினால் கடைசி வீட்டு வரைக்கும் தெரியும் என்று அவர் கோயில் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பம் நட்டுப் பார்த்துவிட்டார். இருபத்தைந்து அடி, உச்சியில் பழைய லுங்கி கிழித்துக் கட்டியிருக்கிறார்.